கணினி எழும்பவே நேரமாகிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று சொன்னால் கொழும்பில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "ஃபோர்மட் பண்ண வேணும்". மற்றது, "இது பழசு, புதுசு எடுங்கோ". சில நேரம் இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் பழுது எங்கே என்று பார்க்காமல் சொல்லப்படும்போது காசும் போகிறது, உள்ளே இருந்த படங்களும் பாடக் குறிப்புகளும் போகின்றன. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிற கணினியை ஃபோர்மட் செய்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு பழையபடி திணறும். ஏ.எல். எழுதப்போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது சின்ன இழப்பு இல்லை.

கணினி தொடங்குவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் பவர் சப்ளை மின்சாரம் கொடுக்கிறது. எல்லாப் பாகமும் பொருந்துகிற பலகையான மதர்போர்ட், தன்னையும் தற்காலிக நினைவகமான ராமையும் சோதித்துப் பார்க்கிறது. அப்புறம் விண்டோஸ் இருக்கிற டிஸ்கைத் தேடுகிறது. விண்டோஸ் ஏறுகிறது. கடைசியாக, நீங்கள் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனதும், கூடவே திறக்க வேண்டும் என்று பதிந்து வைத்த மென்பொருள்கள் எல்லாம் ஒன்றாக எழும்புகின்றன. உங்கள் கணினி இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ, பழுது அநேகமாக அங்கேதான். அதனால் கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்களுடையதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. கணினி இன்னும் திறக்கிறது என்றால், எவ்வளவு மெதுவாக இருந்தாலும், முக்கியமான கோப்புகளை இப்போதே ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. முதலில் பிளக் பொயின்ட்டைச் சந்தேகியுங்கள். அதே பொயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் உருண்டைப் பின்னும் சதுரப் பின்னும் கலந்தே இருக்கின்றன. இடையில் போடுகிற அடப்டரும் மல்டி பிளக்கும் நாளடைவில் தளர்ந்துவிடும். அவற்றையெல்லாம் கழற்றி, கணினியின் கேபிளைச் சுவரில் நேராகப் போட்டுப் பாருங்கள். மேசைக் கணினி என்றால் பெட்டியின் பின்பக்கம், கேபிள் போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். வீடு துடைக்கும்போது அது அணைந்துபோவது நடக்கிற காரியம்.

அதெல்லாம் சரி என்றால், கேபிளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு திரும்பப் போட்டுப் பாருங்கள். மடிக்கணினிக்கும் இது பொருந்தும்: சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு இதையே செய்யுங்கள். இடியுடன் மழை பெய்த மறுநாள் எழும்பாத கணினிகளில் சில இதனாலேயே எழும்பும்.

கேபிளைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? திரும்பத் திரும்ப அதைத் தூக்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம். பவர் சப்ளை உள்ளே ஷோர்ட் ஆகியிருக்கலாம். பல்லியும் கரப்பானும் சூட்டுக்காக அதற்குள் புகுந்து செத்துக் கிடப்பது நம் ஊரில் புதிதல்ல. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். கரண்ட் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும். மேசைக் கணினியில் அது தனிப் பாகம். முழுதாகக் கழற்றி மாற்றிவிடலாம், கணினியை மாற்றத் தேவையில்லை.

ஃபேன் சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பு

மொனிட்டரின் லைட் எரிகிறதா, கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் போட்ட கணினியில் பின்பக்கம் இரண்டு இடத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். கேபிள் கார்டிலுள்ள துளையில் இருக்க வேண்டும், மதர்போர்டில் உள்ளதில் இல்லை. வீடு மாறியபின் "படமே வரவில்லை" என்று வருகிற முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று.

அடுத்த சந்தேகம் ராம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலோரமாக இருக்கிற தொடர்மாடிகளில் இதை நான் முதலாவதாகவே பார்ப்பேன். கடல் காற்றின் உப்பும் வருடம் முழுக்க இருக்கிற ஈரப்பதனும் சேர்ந்து உலோகத் தொடுகைகளில் மெல்லிய படலத்தை உண்டாக்கும். ராம் பழுதாகியிருக்காது, தொடுகைதான் கெட்டிருக்கும்.

திருத்துவது கடினமில்லை. கரண்ட் கேபிளைக் கழற்றுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளே பூச்சில்லாத உலோகப் பகுதியைக் கையால் ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கிற நிலைமின் போய்விடும். ராமின் இரண்டு முனையிலும் உள்ள கொளுக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் ராம் மேலே வரும். சில மதர்போர்டில் ஒரு பக்கம்தான் கொளுக்கி. அதன் பொன்னிறத் தொடுகைகளைப் பள்ளிப்பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, உலர்ந்த துணியால் துடையுங்கள். திரும்பப் போடும்போது இரண்டு பக்கமும் "டிக்" என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு இயக்கிப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு துளையில். எந்த ராம், எந்தத் துளை என்று அப்படியே தெரிந்துவிடும்.

பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் எத்தனை தரம், நீளமா குட்டையா என்று எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மதர்போர்ட் செய்த நிறுவனம் ஒவ்வொன்றும் வேறு பொருள் வைத்திருக்கும், அவர்களுடைய கையேட்டில் பார்க்கலாம்.

திகதியும் நேரமும் பின்னுக்குப் போகிறது

மதர்போர்டில் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர்.2032, 3 வோல்ட். அது செத்தால் பிளக்கைக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் கணினி நேரத்தை மறந்துவிடும். திகதி பிழையானால் வங்கித் தளம் முதற்கொண்டு பல இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும், மக்கள் வைரஸ் என்று பயப்படுவார்கள். கைக்கடிகாரப் பற்றரி விற்கிற கடையிலேயே இது கிடைக்கும். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பற்றரி சாகும்போது, மதர்போர்டில் பதிந்திருக்கிற அடிப்படை மென்பொருளான பயோஸின் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போகலாம். டிஸ்கோடு பேசுகிற முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிட்டால், ஒரு பழுதும் இல்லாத விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். பற்றரி மாற்றியபின் விண்டோஸ் எழும்பாவிட்டால் ஃபோர்மட்டுக்குப் போகமுன் அந்த ஓர் அமைப்பைப் பயோஸில் பார்த்து (உள்ளே போகிற வழி அடுத்த பகுதியில்), முன்பு இருந்ததுக்கு மாற்றுங்கள்.

லோகோ வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை

செருகியிருக்கிற பென் டிரைவ், பிரிண்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். கணினி பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கலாம்.

"பூட் டிவைஸ்" இல்லை என்கிற மாதிரிச் செய்தி வந்தால், இயக்கும்போது டிலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போங்கள். டிஸ்கின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் மேசைக் கணினியில் டிஸ்குக்குப் போகிற சாட்டா கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டிப் பாருங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் டிஸ்க் செத்திருக்கலாம். "டக், டக்" என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் இயக்குகிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருக்கிறதை மீட்கிற வாய்ப்பைக் குறைக்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் ஏறவில்லை என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இப்படி மூன்று தரம் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். சரிவராவிட்டால், அண்மையில் அப்டேட் ஏறியிருந்தால் அதைக் கழற்றுகிற அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அடுத்தது சிஸ்டம் ரிஸ்டோர். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குள் போய், வருகிற பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானதை மட்டும் ஏற்றித் திறக்கிற முறை. சேஃப் மோடில் ஒழுங்காகத் திறக்கிறது என்றால் உங்கள் ஹார்ட்வெயார் பெரும்பாலும் நல்லது. அண்மையில் போட்ட ஏதோ ஒரு டிரைவரோ (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவுகிற மென்பொருள்) வேறு மென்பொருளோதான் தடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வழமைபோலத் திறந்து பாருங்கள்.

அதே திரையில் "ரிசெட் திஸ் பிசி" என்றும் ஒன்று இருக்கும். அதில் எல்லாவற்றையும் அழிக்கிற தெரிவும் உண்டு. கோப்புகள் வெளியே வரும்வரை அதைத் தொடாதீர்கள்.

48 இலக்கத் திறவுகோல் கேட்கிற நீலத் திரை வந்தால் அது பழுது இல்லை, பிட்லொக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸை அமைக்கும்போது பாவித்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் போனிலிருந்து நுழைந்தால் அந்த இலக்கங்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். புதிய மடிக்கணினிகளில் இது நீங்கள் கேட்காமலே இயங்கியிருக்கலாம். கணினி நன்றாக இருக்கிறபோதே அந்த இலக்கங்களை எழுதி வைப்பது நல்லது.

விண்டோஸ் எதற்கும் இணங்கவில்லை, கோப்புகள் வேண்டும்: விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டை வேறொரு கணினியில் 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்குங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. டிஸ்க் திறந்தால் கோப்புகளை வெளி டிஸ்குக்கு இழுத்துப் போடலாம். இதற்குக் காசு செலவில்லை, ஒரு பின்னேரம் போதும்.

திறக்கிறது, ஆனால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது

பெரும்பாலான வீடுகளின் உண்மையான பிரச்சினை இதுதான். இதற்குத்தான் அதிகமாகத் தேவையில்லாத ஃபோர்மட் நடக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். கணினி திறந்த உடனே பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அப்டேட், வைரஸ் சோதனை எல்லாம் ஓடும், எந்தக் கணினியிலும் அளவுகள் ஏறித்தான் இருக்கும். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமலே டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் பிரச்சினை டிஸ்கில். மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராம் போதாது. கணினியின் மூளையான சி.பி.யு. ஏறி நின்றால், சி.பி.யு. என்கிற தலைப்பைத் தட்டுங்கள், எந்த மென்பொருள் என்று பட்டியலின் உச்சியில் தெரியும்.

பர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வைத் தட்டினால் "அப் டைம்" என்று ஒன்று காட்டும். ஒவ்வொரு இரவும் அணைத்தும் அங்கே பல நாட்கள் ஓடியதாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8 இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்கிற வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் அது விண்டோஸின் உள் நிலையைச் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எடுக்கும். பழைய சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். கிழமைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். சில கணினிக்கு மருந்தே அவ்வளவுதான்.

அடுத்து, டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். சூம், டீம்ஸ், ஸ்பொட்டிஃபை, விளையாட்டுத் தளங்கள், பிரிண்டரோடு வந்த உதவி மென்பொருள் என்று நீளமான பட்டியல் இருக்கும். தேவையில்லாததை வலது சொடுக்கில் டிசேபிள் செய்யுங்கள். அழிவதில்லை, வேண்டும்போது நீங்கள் திறந்தால் திறக்கும். ஒலி, டச்பேட் டிரைவர்களையும் வைரஸ் பாதுகாப்பையும் விட்டுவிடுங்கள். வைரஸ் பாதுகாப்பு இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். இலவசமாக விண்டோஸையோ ஒஃபிஸையோ "அக்டிவேட்" செய்கிற கிராக் ஏதும் போட்டிருந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள். வைரஸுக்கு அதைவிட லேசான வாசல் இல்லை.

சி டிரைவ் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். டவுன்லோட்ஸில் குவிந்த வீடியோக்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

இவ்வளவும் செய்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கா என்று பாருங்கள். அதே பர்ஃபோமன்ஸ் பக்கத்தில் எச்.டி.டி. (சுழலும் டிஸ்க்) அல்லது எஸ்.எஸ்.டி. (சுழலாத சில்லு வகை) என்று போட்டிருக்கும். எச்.டி.டி. என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு கெட்டது. மஞ்சள் வந்தாலே கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு டிஸ்கை மாற்ற வேண்டும். அந்த டிஸ்கில் பிழை திருத்தும் சோதனை எதையும் ஓட்டாதீர்கள். சாகிற டிஸ்கை முழுதும் வாசிக்க வைத்தால் சீக்கிரம் சாகும்.

நீலம் வந்தாலும் எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டுக் கணினிக்குச் செலவழிக்கிற காசில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. சுழலும் டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஊசி ஓடிப்போய் இடம் தேட வேண்டும், விண்டோஸ் ஏறும்போதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிற பாகமே கிடையாது. சாட்டா கேபிளில் மாட்டுகிற சாதாரண எஸ்.எஸ்.டி. கூட செக்கனுக்கு 500 எம்.பி. அளவில் வாசிக்கும், பத்து வருடப் பழைய கணினியிலும் பொருந்தும். வீட்டுக்கு 256 ஜி.பி. போதும், படங்களுக்குப் பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையே இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். க்ளோன் செய்தால், அதாவது பழைய டிஸ்கை முழுதாக அப்படியே பிரதி எடுத்தால், விண்டோஸும் மென்பொருளும் அப்படியே மாறும், எதையும் புதிதாகப் போடத் தேவையில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் ஒரே கட்டடத்தில் நாலைந்து கடையில் விலை கேட்டு, வாரண்டி எத்தனை வருடம் என்றும் ஒப்பிடலாம். மதர்போர்டில் நேரடியாகச் செருகுகிற எம்.2 வகை வாங்குவதானால் உங்கள் மதர்போர்ட் வேகமான என்.வி.எம்.இ. வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டுமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ராம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்குங்கள். ராமில் தலைமுறைகள் உண்டு, டி.டி.ஆர்.3 துளையில் டி.டி.ஆர்.4 போகாது. பழைய ராமைக் கையில் கொண்டுபோவதே நல்ல வழி.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பழைய கணினிக்கு அது கிடைக்காது. இணையம், யூடியூப், எழுத்து வேலை மட்டும்தான் என்றால் அதே எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். தமிழ் தட்டச்சும் அதில் வரும்.

தொடங்கும்போது நல்லது, அரை மணியில் திணறுகிறது

இது சூடு. சி.பி.யு. 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையின் மூடிய தட்டுக்குள் பெட்டியைத் தள்ளி வைப்பதும், மடிக்கணினியைக் கட்டில் மெத்தையில் வைப்பதும் கொழும்பு வெப்பத்தில் பெரிய தவறு. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பெட்டியைத் திறந்து தூசியை மெல்லிய தூரிகையாலும் ஊதுகுழாயாலும் எடுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வருடக்கணக்கில் ஓடிய கணினியில் சி.பி.யு.வுக்கும் அதன் சூட்டை இழுக்கிற உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் இடையில் உள்ள பசை காய்ந்திருக்கும். மேசைக் கணினியில் அதை நீங்களே மாற்றலாம், மடிக்கணினியில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

தானாக அணைந்து மறுபடி எழும்புகிறது

சூட்டைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது பவர் சப்ளையும் யூ.பி.எஸ்.ஸும். நம் வீடுகளில் பல யூ.பி.எஸ். 2022இல் வாங்கியவை. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். உள்ளே உள்ள ஈய அமிலப் பற்றரிக்கு ஆயுள் பொதுவாக மூன்று, நான்கு வருடம்தான். அப்போது வாங்கியது இப்போது பெயருக்குத்தான் யூ.பி.எஸ். சோதிப்பது லேசு: கணினிக்குப் பதிலாக ஒரு மேசை விளக்கைச் செருகி, யூ.பி.எஸ்.ஸின் பிளக்கை இழுங்கள். விளக்கு உடனே அணைந்தால் பற்றரி முடிந்தது. பற்றரியை மட்டும் மாற்றலாம், புது யூ.பி.எஸ். வேண்டாம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் யூ.பி.எஸ்.ஸை நம்பாமல் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ரூட்டருக்கு வருகிற தொலைபேசிக் கம்பியையும் சேர்த்து. மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் வரும்.

இணையம் மட்டும் மெதுவாக இருந்தால்

கணினியில் சேமித்த வீடியோ நன்றாக ஓடுகிறது, வேர்ட் உடனே திறக்கிறது, யூடியூப் மட்டும் சுற்றுகிறது என்றால் கணினியில் பழுது இல்லை. அதே நேரம் போனை அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். போனும் மெதுவாக இருந்தால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள், அப்புறம் இணைப்புத் தருபவரோடு கதையுங்கள்.

கடைக்குக் கொண்டுபோவதானால்

"ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, டிஸ்க் எத்தனை சதவீதம், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ன நிறம் என்று சொல்லுங்கள், திரையைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். ஃபோர்மட் செய்யுமுன் கேட்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பவர் சப்ளை, ராம் போன்ற வேலை என்றால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொண்டுபோகலாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கிய எஸ்.எஸ்.டி.யின் பெட்டியையும் ரசீதையும் வாரண்டி முடியும்வரை எறியாதீர்கள். வெப்பத்தில் கடை ரசீதின் எழுத்து மங்கிப்போகும், அதையும் அன்றே படம் எடுத்து வையுங்கள்.